நெல்லின் பூட்டும் பாக்டீரியாவின் சாவியும்

மனிதனுக்கு டைபாய்டும் காலராவும் காசநோயும் பாக்டீரியாவால் வருகின்றன என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். செடிக்கும் பாக்டீரியாவால் நோய் வரும் என்றால் பலர் "அப்படியா?" என்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரை பெரிய பெரிய விஞ்ஞானிகளே அதை நம்பவில்லை! அமெரிக்காவில் தாமஸ் பர்ரில் என்பவர் 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில், பேரி மரங்கள் தீயில் வெந்ததுபோல் கருகுவதற்கு பாக்டீரியாதான் காரணம் என்று காட்டினார். அதற்குப் பிறகும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஃபிஷர், செடிக்குள் பாக்டீரியாவாவது நோயை உண்டாக்குவதாவது என்று மறுத்து எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு வரிக்கு வரி பதில் எழுதியவர் அமெரிக்காவின் எர்வின் ஸ்மித். கடைசியில் ஸ்மித் சொன்னதுதான் நின்றது.

இன்று செடிகளைத் தாக்கும் பாக்டீரியாக்களின் பட்டியல் நீளமானது. தக்காளியை வாட வைப்பது ஒன்று, எலுமிச்சையில் சொறி உண்டாக்குவது ஒன்று, உருளைக்கிழங்கை அழுக வைப்பது ஒன்று. ஆனால் சோறு உண்ணும் மக்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது நெல்லின் எதிரியை. அதன் பெயர் ஸாந்தோமோனாஸ் ஒரைசே. 'ஸாந்தோ' என்றால் கிரேக்க மொழியில் மஞ்சள். 'ஒரைசா' என்பது நெல்லின் அறிவியல் பெயர். ஆயிரம் பாக்டீரியாக்களை வரிசையாக நிறுத்தினாலும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அவ்வளவு சின்ன ஆள்தான் ஏக்கர் கணக்கில் பயிரைக் கருக்குகிறது.

ஒரு டம்ளர் தண்ணீரில் தெரியும் திருடன்

இந்த நோய்க்குத் தமிழில் பாக்டீரியா இலைக்கருகல் என்று பெயர். இலையின் நுனியிலும் ஓரத்திலும் தொடங்கும். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் வைக்கோல் நிறமாகி, அலை அலையான ஓரத்தோடு கீழே இறங்கிக்கொண்டே வரும். பார்ப்பவர்கள் சத்துக் குறைவு என்று நினைத்துவிடுவார்கள். சிலர் இன்னும் ஒரு மூட்டை யூரியா போடுவார்கள். அதுதான் வினை. தழைச்சத்து கூடக் கூட நோயும் கூடும்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கருகத் தொடங்கிய இலையை நறுக்கி, ஒரு கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த தண்ணீரில் வெட்டிய முனை படும்படி வைக்க வேண்டும். சிறிது நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற ஒரு கலங்கல் இறங்கினால் அது பாக்டீரியா. கோடிக்கணக்கான பாக்டீரியா! சத்துக் குறைவான இலையில் இப்படி எதுவும் வராது.

1884இல் ஜப்பானின் ஃபுகுவோகா பகுதி விவசாயிகள்தான் இந்த நோயை முதலில் கவனித்ததாகப் பதிவு. அதிகாலையில் நோயுற்ற இலைகளில் கலங்கலான துளிகள் நிற்கும். மண்ணின் புளிப்புத்தன்மைதான் காரணம் என்று அப்போது கருதினார்கள். அந்தத் துளிக்குள் இருப்பது பாக்டீரியாக் கூட்டம் என்று தெரிய ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. இந்தியாவில் 1963இல் பீகாரில் கொள்ளைநோய் போலப் பரவிய பிறகுதான் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். நோய் கடுமையாகத் தாக்கிய வயலில் விளைச்சலில் பாதி வரை போய்விடக்கூடும்.

பாக்டீரியா உள்ளே நுழைவது எப்படி? இலையின் ஓரங்களில் அதிகப்படி நீரை வெளியேற்றும் நுண்ணிய துளைகள் உண்டு. அவை ஒரு வாசல். காற்றிலும் மழையிலும் இலைகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும் காயங்கள் இன்னொரு வாசல். நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடும் வழக்கம் சில இடங்களில் உண்டல்லவா? அது நாமே திறந்து வைக்கும் வாசல். அதனால்தான் நோய் உள்ள பகுதிகளில் நுனியைக் கிள்ள வேண்டாம் என்று வேளாண் துறையினர் சொல்கிறார்கள்.

உள்ளே போன பாக்டீரியா, செடியின் நீர்க்குழாய்களில் குடியேறிப் பெருகுகிறது. அங்கேதான் சிக்கல். மேலே தெளிக்கும் மருந்து அந்தக் குழாய்க்குள் போதிய அளவு போய்ச் சேராது. மனிதனுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகளை வயல்வெளியில் கொட்டினால், மண்ணிலும் நீரிலும் உள்ள மற்ற கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிப்போகும். நாளை ஆஸ்பத்திரியில் அதே மருந்து வேலை செய்யாது. ஆக, நம்பத்தகுந்த பாதுகாப்பு ஒன்றே ஒன்றுதான். விதைக்குள்ளேயே எதிர்ப்பு இருக்க வேண்டும். இந்த நோயைப் பொறுத்தவரை மரபணு ஆராய்ச்சி என்பது ஆய்வுக்கூடத்துப் பொழுதுபோக்கு இல்லை. விவசாயியிடம் உள்ள ஒரே மருந்துப் பெட்டி அதுதான்.

திரூரிலிருந்து போன பூட்டு

1966இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல்லை வெளியிட்டது. உரத்தை வாங்கிக்கொண்டு விளைச்சலை அள்ளித் தந்த நெல். ஆனால் இலைக்கருகலைத் தாங்கும் சக்தி அதற்கு இல்லை. 1969இல் ஐ.ஆர்.20 வந்தது. தமிழ்நாட்டில் ஐ.ஆர்.20 என்றால் தெரியாத நெல் விவசாயி அந்தக் காலத்தில் இருந்திருக்க மாட்டார். அது இலைக்கருகலைத் தாங்கியது.

அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? ஐ.ஆர்.20இன் பெற்றோரில் ஒன்று டி.கே.எம்.6. திருவள்ளூருக்கு அருகே உள்ள திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் இரகம். அந்த ஊர்ப் பெயரின் சுருக்கம்தான் டி.கே.எம். நம் மண்ணில் பிறந்த ஒரு நெல் பிலிப்பைன்ஸ் போய், அங்கே கலந்து, புதுப் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது! அதில் இருந்த எதிர்ப்பு மரபணுவுக்கு விஞ்ஞானிகள் எக்ஸ்.ஏ.4 என்று பெயர் வைத்தார்கள். ஸாந்தோமோனாஸ் என்பதன் சுருக்கம் எக்ஸ்.ஏ. இப்படிப்பட்ட மரபணுக்கள் இதுவரை நாற்பதுக்கும் மேல் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன.

எக்ஸ்.ஏ.4 உள்ள இரகங்கள் பிலிப்பைன்ஸ் முழுவதும் பரவின. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்த நிம்மதி நீடிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே அங்கே வயல்களில் இருந்த பாக்டீரியாவின் வகை மாறிப்போனது. எக்ஸ்.ஏ.4 தடுத்துக்கொண்டிருந்த வகை குறைந்து, அதை மதிக்காத இன்னொரு வகை பெருகியது. விவசாயி விதையை மாற்றவில்லை, உரத்தை மாற்றவில்லை. பாக்டீரியா தன்னை மாற்றிக்கொண்டது.

இது ஏன் நடக்கிறது என்பதற்கான விடை வேறொரு பயிரில் முன்பே கிடைத்திருந்தது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஹெரால்டு ஃப்ளார் என்ற விஞ்ஞானி ஆளி விதைச் செடியையும் அதைத் தாக்கும் துருப்பூஞ்சையையும் 1940களில் ஆராய்ந்தார். செடியில் ஒரு எதிர்ப்பு மரபணு இருந்தால், அதற்கு இணையாகக் கிருமியிலும் ஒரு மரபணு இருக்கிறது. செடி தடுப்பது கிருமியை முழுதாக அடையாளம் கண்டு அல்ல. கிருமியின் அந்த ஒரு மரபணுவை அடையாளம் கண்டுதான். கிருமி அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், செடிக்கு ஆள் அடையாளம் தெரியாது. பாக்டீரியாவிலும் இதே கதைதான் என்பது 1984இல் உறுதியானது. சோயாவைத் தாக்கும் ஒரு பாக்டீரியாவிலிருந்து அப்படிப்பட்ட மரபணுவை பிரையன் ஸ்டாஸ்கவிச் குழுவினர் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

கொஞ்சம் யோசித்தால் ஒரு விசித்திரம் தெரியும். தன்னைக் காட்டிக்கொடுக்கும் ஒரு மரபணுவை பாக்டீரியா ஏன் வைத்துக்கொண்டிருக்கிறது? திருடப் போகிறவன் சட்டையில் பெயரை எழுதிக்கொண்டா போவான்? அந்த மரபணு அவனுக்கு வேறு எதற்கோ தேவைப்பட வேண்டும். எதற்கு?

நெல்லின் மொழியைப் படித்த பாக்டீரியா

இந்தக் கேள்விக்கான விடைதான் இந்தக் கதையிலேயே மிக அழகான பகுதி. ஸாந்தோமோனாஸ் பாக்டீரியாவிடம் ஊசி போன்ற ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் வழியாகத் தன் புரதங்களைச் செடியின் செல்லுக்குள் செலுத்துகிறது. அவற்றில் ஒரு வகைக்கு டால் புரதம் என்று பெயர். இது செல்லோடு நிற்பதில்லை. செல்லின் நடுவில் உள்ள உட்கருவுக்குள்ளேயே போய், நெல்லின் டி.என்.ஏ.வில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து, அங்கே உள்ள மரபணுவை வேலை செய்ய வைக்கிறது. வீட்டுக்குள் நுழைந்த திருடன் வீட்டுக்காரரின் குரலிலேயே வேலையாளைக் கூப்பிட்டு, "பீரோவைத் திற" என்று சொல்வது மாதிரி!

நாற்பது கோடி எழுத்துகளை ஒட்டிய நெல்லின் டி.என்.ஏ.வில் அந்த ஒரு இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? 2009இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக விடை கண்டு, ஒரே சமயத்தில் வெளியிட்டன. ஒன்று ஜெர்மனியில் உல்லா போனாஸின் குழு. மற்றது அமெரிக்காவில் மாத்யூ மாஸ்கூவும் ஆடம் போக்டனோவும். டால் புரதத்தின் நடுப்பகுதி ஒரு மணிமாலை போன்றது. ஒவ்வொரு மணியிலும் 34 அமினோ அமிலங்கள். எல்லா மணிகளும் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். 12ஆவது, 13ஆவது இடங்களில் மட்டும் வித்தியாசம். அந்த இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். இந்த மணி டி.என்.ஏ.வின் எந்த எழுத்தின் மேல் உட்காரும் என்று சொல்லிவிடலாம். ஒரு ஜோடி ஏ எழுத்துக்கு, ஒரு ஜோடி டி எழுத்துக்கு, ஒரு ஜோடி சி எழுத்துக்கு, இன்னொன்று பெரும்பாலும் ஜி எழுத்துக்கு. மணிகளின் வரிசைதான் முகவரி.

இந்த முகவரி முறையை மனிதன் தெரிந்துகொண்ட உடனே அதைக் கடன் வாங்கிக்கொண்டான். வேண்டிய முகவரிக்கு மணிமாலை கோத்து, அதன் கடைசியில் டி.என்.ஏ.வை வெட்டும் கத்திரியை இணைத்துவிட்டால், வேண்டிய மரபணுவை வெட்டலாம். கிரிஸ்பர் முறை பரவுவதற்கு முன்பு மரபணுத் திருத்தத்தில் பெரிதும் பேசப்பட்டது இந்த டாலன் கத்திரிதான். 2015இல் லண்டனில், இரத்தப் புற்றுநோய்க்கு வேறு எந்தச் சிகிச்சையும் பலன் தராத ஒரு வயதுக் குழந்தைக்கு, டாலன் கொண்டு திருத்திய நோய் எதிர்ப்பு செல்களைக் கொடுத்தார்கள். குழந்தை பிழைத்தது. நெல்லைக் கருக்கவும் மிளகாயில் புள்ளி விழவும் காரணமான பாக்டீரியாக் குடும்பத்திடம் கற்ற வித்தை அது!

சரி, நெல்லுக்குள் டால் புரதம் எந்த பீரோவைத் திறக்கச் சொல்கிறது? செல்லுக்குள் இருக்கும் சர்க்கரையை வெளியே விடும் புரதக் கதவுகள் நெல்லில் உண்டு. அந்தக் குடும்பத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரே ஸ்வீட். பெயரிலேயே இனிப்பு. பூவில் மகரந்தம் வளரவும் மணி பால் பிடிக்கவும் தேவையான கதவுகள் அவை. இலையில் அவை அநேகமாக மூடியே இருக்கும். பாக்டீரியா தன் டால் புரதத்தை அனுப்பி, இலையில் இருக்கும் அந்தக் கதவைத் திறக்க வைக்கிறது. சர்க்கரை வெளியே வருகிறது. திருடனுக்கு விருந்து. நெல்லில் உள்ள ஸ்வீட் கதவுகளில் 11, 13, 14 என்ற மூன்று எண்களைத்தான் பாக்டீரியா வயலில் குறி வைக்கிறது.

ஆசியாவின் பாக்டீரியா வகைகளில் இப்படிப்பட்ட டால் மரபணுக்கள் பதினைந்து, இருபது என்று இருக்கும். முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்ட ஒரு பிலிப்பைன்ஸ் வகையில் 19. அமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்ட வகைகளில் ஒன்றுகூட இல்லை. அவை நெல்லை அதிகம் பாதிப்பதும் இல்லை. திருட்டுக்கும் சாவிக்கும் உள்ள சம்பந்தம் இதிலிருந்தே புரியும். சட்டையில் பெயர் எழுதிய கதைக்கும் இதுதான் விடை. எந்தச் சாவியால் அவன் பிழைக்கிறானோ அந்தச் சாவியைத்தான் நெல் அடையாளம் வைத்துக்கொள்கிறது.

நெல் சும்மா இருக்குமா?

வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இந்தக் கிருமியோடு வாழ்ந்த நெல் இரகங்களில் சில, பள்ளிப் பாடத்தில் வராத தந்திரங்களைக் கைவசம் வைத்திருக்கின்றன.

முதல் தந்திரம், பூட்டை மாற்றுவது. எக்ஸ்.ஏ.13 என்ற மரபணு உள்ள நெல்லில், ஸ்வீட் 11 கதவுக்கு முன்னால் உள்ள முகவரி எழுத்துகள் மட்டும் மாறியிருக்கின்றன. கதவு நன்றாகவே இருக்கிறது. பூவுக்கு வேண்டிய நேரத்தில் நெல் அதைத் திறந்துகொள்கிறது. பாக்டீரியா அனுப்பும் மணிமாலைக்கு மட்டும் முகவரி கிடைப்பதில்லை.

இரண்டாவது தந்திரம், வேலையாளை மாற்றுவது. டால் புரதம் முகவரியைக் கண்டுபிடித்தாலும், மரபணுவை இயக்க நெல்லின் சொந்த இயந்திரம் ஒன்றின் உதவி வேண்டும். எக்ஸ்.ஏ.5 உள்ள நெல்லில் அந்த இயந்திரத்தின் ஒரு புரதத்தில், 39ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அவ்வளவுதான்! நெல்லின் வேலை நடக்கிறது. பாக்டீரியாவின் உத்தரவு மட்டும் எடுபடவில்லை. வங்கப் பகுதியின் ஆவுஸ் பருவ நெல் இரகங்களில் இது அதிகம் காணப்படுகிறது.

மூன்றாவது, பொறி வைப்பது. எக்ஸ்.ஏ.27 என்பது ஒரைசா மினூட்டா என்ற காட்டு நெல்லிலிருந்து வந்தது. இதில் பாக்டீரியாவின் சாவிக்குப் பொருந்தும் முகவரியை, எதிர்ப்பை உண்டாக்கும் ஒரு மரபணுவின் முன்னால் நெல்லே எழுதி வைத்திருக்கிறது. பாக்டீரியா ஆசையோடு கதவைத் திறக்கும். திறந்தால் பீரோ இல்லை, எலிப்பொறி. நோய் எளிதில் தாக்கும் நெல்லிலும் அதே புரதத்துக்கான மரபணு இருக்கிறது. முன்னால் உள்ள முகவரி மட்டும்தான் இல்லை. 2005இல் இது வெளியானபோது பலருக்கும் ஆச்சரியம்.

நான்காவது, வாசலில் காவல்காரனை நிறுத்துவது. எக்ஸ்.ஏ.21 அப்படிப்பட்டது. இதன் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மாலி நாட்டுக் களையும் ஒரு நேர்மையும்

ஆப்பிரிக்காவில் ஒரைசா லாஞ்சிஸ்டாமினேட்டா என்ற காட்டு நெல் உண்டு. தரைக்கடியில் கிழங்குபோல் தண்டு விட்டுப் பரவி, நெல் வயல்களில் களையாகத் தொல்லை தரும். மாலி நாட்டிலிருந்து வந்த அந்த நெல்லில் ஒன்று இலைக்கருகலை அபாரமாகத் தாங்குவதை 1970களில் ஒடிசாவின் கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கண்டார்கள். பிலிப்பைன்ஸில் குர்தேவ் குஷ் அவர்களின் குழு அதைச் சாதாரண நெல்லோடு கலந்து, ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து, அந்த எதிர்ப்புச் சக்தியைப் பயிர் நெல்லுக்குக் கொண்டுவந்தது. 1995இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பமேலா ரொனால்டின் குழு அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தது. செல்லின் வெளிச்சுவரருகே நின்றுகொண்டு, வந்தவன் யார் என்று பார்த்து, உள்ளே மணி அடிக்கும் காவல்காரப் புரதம் அது.

மரபணு மாலி நாட்டுடையது, கண்டெடுத்தது இந்தியா, கலந்தது பிலிப்பைன்ஸ், காப்புரிமை அமெரிக்காவில் என்றால் நியாயமா? இந்தக் கேள்வி எழத்தான் செய்தது. அதனால் 1996இல் அந்தப் பல்கலைக்கழகத்தில், மரபணு வளம் தந்த நாடுகளின் மாணவர்களுக்கு உதவ ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. செடி வளம் யாருக்குச் சொந்தம் என்ற வாதத்தில் இன்றும் இந்த எடுத்துக்காட்டு பேசப்படுகிறது.

அடுத்த கேள்வி, பாக்டீரியாவிடம் எதைப் பார்த்து அந்தக் காவல்காரன் மணி அடிக்கிறான் என்பது. 2009இல் ரொனால்டின் குழு ஒரு புரதத்தைச் சொல்லி, 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. பெரிய பெயர். பிறகு ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்தவர்கள் அதே சோதனையைச் செய்தபோது அதே முடிவு வரவில்லை. புட்டி புட்டியாகச் சோதித்துப் பார்த்ததில், சில பாக்டீரியா வகைகள் பெயர் மாறிக் கலந்திருந்தது தெரிந்தது. சோதனை முறையிலும் நம்பமுடியாத ஏற்ற இறக்கம் இருந்தது. மூடி மறைக்க ஆயிரம் வழி உண்டு. ரொனால்டு அதைச் செய்யவில்லை. 2013இல் 'சயன்ஸ்' கட்டுரையையும் இன்னொரு கட்டுரையையும் திரும்பப் பெற்று, எங்கே தவறு நடந்தது என்று வெளிப்படையாக எழுதினார். முதலிலிருந்து தொடங்கி, 2015இல் சரியான விடையைக் கண்டார்கள். ராக்ஸ்-எக்ஸ் என்ற சின்னஞ்சிறு புரதம். செடியின் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு ஹார்மோனைப்போல வேஷம் போடும் புரதம் அது. காவல்காரன் அந்த வேஷத்தைத்தான் கண்டுகொள்கிறான். இந்த வேஷத்தையும் மாற்றிக்கொண்டு தப்பிக்கும் பாக்டீரியா வகைகள் வயல்களில் இருக்கின்றன என்பது அதே ஆராய்ச்சியில் தெரிய வந்தது!

இங்கே அந்த நேர்மை நல்ல குணம் என்பதோடு முடிவதில்லை. தவறான விடையை நம்பி யாராவது விதை உருவாக்கப் போயிருந்தால், பத்து வருடம் வீண். அந்தப் பத்து வருடத்திலும் பாக்டீரியா சும்மா இருந்திருக்காது.

ஒன்றுக்கு மூன்று பூட்டு

எக்ஸ்.ஏ.4 கற்றுக்கொடுத்த பாடம் இதுதான். ஒரு பூட்டைத் திறக்க பாக்டீரியாவுக்கு ஒரு மாற்றம் போதும். மூன்று பூட்டை ஒரே நேரத்தில் திறக்க, ஒரே பாக்டீரியாவுக்குள் மூன்று மாற்றங்கள் சேர்ந்து வர வேண்டும். அது அவ்வளவு எளிதில் நடக்காது.

ஆந்திராவின் பாபட்லாவில் 1986இல் வெளியான பி.பி.டி. 5204 என்ற சம்பா மசூரியை, தமிழ்நாட்டில் ஆந்திரா பொன்னி என்று சொல்வார்கள். சன்ன அரிசி, நல்ல விலை. ஆனால் இலைக்கருகலுக்கு முதல் பலி. ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் சேர்ந்து இதற்குள் எக்ஸ்.ஏ.21, எக்ஸ்.ஏ.13, எக்ஸ்.ஏ.5 என்ற மூன்று பூட்டுகளைக் கொண்டுவந்தன. எப்படி? பழைய முறையில் கலப்பு செய்து, ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் டி.என்.ஏ.வைச் சோதித்து, மூன்றும் உள்ளவற்றை மட்டும் எடுத்து, மறுபடி மறுபடி சம்பா மசூரியோடு கலந்தார்கள். அரிசியின் குணம் மாறக்கூடாது அல்லவா! இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல. கலப்பினம்தான். 2008இல் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி என்ற பெயரில் வெளியானது.

மூன்று பூட்டும் மூன்று விதம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று காவல்காரன், ஒன்று முகவரி மாற்றம், ஒன்று வேலையாள் மாற்றம். ஒரே மாதிரிப் பூட்டு மூன்று போட்டால் ஒரே சாவி மூன்றையும் திறந்துவிடக்கூடும். எக்ஸ்.ஏ.13 மட்டும் இருந்தால், ஸ்வீட் 14 கதவைத் திறக்கும் வேறு சாவி உள்ள பாக்டீரியா வந்துவிடும். அதனால் 2019இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, மூன்று ஸ்வீட் கதவுகளின் முகவரிகளையும் கிரிஸ்பர் கொண்டு ஒரே செடியில் திருத்திக் காட்டினார்கள். இயற்கை எக்ஸ்.ஏ.13இல் செய்ததை மனிதன் மூன்று இடத்தில் செய்தான் என்று சொல்லலாம்.

அதோடு கதை முடிந்ததா? இல்லை. எக்ஸ்.ஏ.1 என்ற இன்னொரு காவல்காரன் டால் புரதங்களையே நேராக அடையாளம் காண்பவன். ஆசியாவின் பாக்டீரியாக்கள் பல, நறுக்கிக் குட்டையாக்கிய ஒரு டால் புரதத்தை அனுப்பி அவன் கண்ணைக் கட்டிவிடுகின்றன என்று 2016இல் தெரிந்தது. ஆப்பிரிக்க வகைகளிடம் இந்த வித்தை இல்லை. அதனால் அங்கே எக்ஸ்.ஏ.1 பயன்படும் என்று நம்பிக்கை இருந்தது. ஆனால் 2019 முதல் தான்சானியாவில் பரவிய நோயை ஆராய்ந்தபோது, அது ஆசிய வகையின் உறவு என்றும், கண்ணைக் கட்டும் வித்தையோடு வந்திருக்கிறது என்றும் தெரிந்தது. 2023இல் வெளியான ஆய்வில், கிழக்கு ஆப்பிரிக்காவின் கொம்போகா என்ற நெல்லில் ஸ்வீட் முகவரிகளைத் திருத்தி இதற்குப் பதில் தந்திருக்கிறார்கள். இனி அந்த பாக்டீரியா எதைக் கற்றுக்கொள்ளும் என்று பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

பூட்டு செய்தவர்கள் யார்?

இத்தனை பூட்டுகளையும் விஞ்ஞானிகள் செய்யவில்லை. கண்டெடுத்தார்கள், அவ்வளவே. எக்ஸ்.ஏ.4 திரூர் நெல்லில் இருந்தது. எக்ஸ்.ஏ.5 வங்கத்து ஆவுஸ் நெல்லில் இருந்தது. எக்ஸ்.ஏ.21 யாரும் விரும்பாத ஒரு களையில் இருந்தது. ஐ.ஆர்.8 வந்த வேகத்தில் பழைய இரகங்களை எல்லாம் தூக்கி எறிந்திருந்தால், பூட்டு தேட இடமே இருந்திருக்காது. பிலிப்பைன்ஸ் நிறுவனத்தின் விதை வங்கியில் இன்று 1,30,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் குளிர் அறையில் இருக்கின்றன. அவற்றில் எத்தனையோ விதைக்குள் இன்னும் பெயர் வைக்காத பூட்டுகள் இருக்கும்.

ஆனால் விதை வங்கி மட்டும் போதாது. குளிர் அறையில் உள்ள விதை தூங்குகிறது. பாக்டீரியா தூங்குவதில்லை. ஒவ்வொரு போகமும் வயலில் இருந்து நெல்லைப் படித்துக்கொண்டிருக்கிறது. டெல்டா முழுவதும் ஒரே நெல், ஒரே மரபணு என்றால் அது படிக்க வேண்டியது ஒரே பாடம். ஊருக்கு ஊர், போகத்துக்குப் போகம் வேறு வேறு நெல் என்றால் பாடம் கூடும், தேர்வு கடினமாகும். விலை கிடைக்கும் ஒரே இரகத்தை எல்லோரும் நடுவதில் விவசாயியைக் குறை சொல்லவும் முடியாது. சந்தை அதைத்தான் கேட்கிறது. சன்ன அரிசியைத் தவிர வேறு எதையும் வாங்காத நாமும் அந்தச் சந்தையில்தான் இருக்கிறோம்.

2017இல் சீன விஞ்ஞானிகள் எக்ஸ்.ஏ.4 மரபணுவைப் பிரித்தெடுத்தபோது இன்னொரு செய்தி கிடைத்தது. அது நோயைத் தடுப்பதோடு, செல்லின் சுவரைக் கெட்டிப்படுத்தித் தண்டையும் பலப்படுத்துகிறதாம். பல இடங்களில் பாக்டீரியா எப்போதோ கடந்து போய்விட்ட பூட்டு அது. ஆனாலும் இன்றைய பல நெல் இரகங்களில் இருந்துகொண்டிருக்கிறது, மற்ற பூட்டுகளோடு சேர்ந்து வேலையும் செய்கிறது. திரூர்க்குப்பத்து நெல்லை யாரும் மறந்துவிடவில்லை என்று சொல்ல முடியாது. பெயர் மறந்துவிட்டது. மரபணு மறக்கவில்லை.